ஆறு நாள், ஐந்து டயர், ஒரு மச்சினன்

கிளம்புவதற்கு முந்தைய நாள்

நாளைக் காலை கிளம்புகிறோம். இரண்டு வண்டி, இரண்டும் ஒரே மாடல், நான்கு சக்கரமும் இழுக்கும் ரகம். ஒன்றில் நானும் மனைவியும், இன்னொன்றில் மச்சினனும் அவன் நண்பனும். ராத்திரி தூக்கம் வராவிட்டால் அன்றன்றைக்கு எழுதிப் போடுவதாக உத்தேசம். ஊர் பேர், காட்சி வர்ணனை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், இந்தத் தடவை டயர் மட்டும்தான். இரண்டு மாதமாக என் மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை என்பதற்கு வீட்டில் சாட்சி இருக்கிறது.

மொத்தப் பாதை 1,650 கி.மீ. அதில் 1,400 நல்ல தார் ரோடு. மீதி 250-தான் ஜல்லி, மணல், சேறு, பாறை எல்லாம். திரும்பி வந்தபின் எல்லாரும் அந்த 250-ஐப் பற்றித்தான் பேசுவோம், போட்டோவும் அங்கேதான் எடுப்போம். ஆனால் டயர் தேய்வது, சூடாவது, சத்தம் போடுவது, மழையில் வழுக்குவது எல்லாம் பெரும்பாலும் அந்த 1,400-ல். டயர் வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கை ஏனோ எல்லாரும் தலைகீழாகப் போடுகிறோம்.

நான் போன வருஷம் முழுக்க ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்தேன், எந்த ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் என்று. பத்தில் எட்டரைப் பங்கு தார். இது தெரிந்தபின் பட்டன் பட்டனாக நிற்கும் எம்.டி. டயரை (சேற்றுக்கென்றே செய்தது) ஆசையாகப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். வண்டியோடு வந்த எச்.டி. டயர் நெடுஞ்சாலைக்கு அருமை, ஆனால் 3 மி.மீ.க்குத் தேய்ந்துவிட்டது. பள்ளத்துக்குள் மேடாகத் தெரியும் தேய்மானக் குறி 1.6 மி.மீ., அது வரை ஓட்டலாம் என்பது காய்ந்த தார் ரோட்டுக்குச் சரி, ஈரத்துக்கும் மண்ணுக்கும் அதற்கு முன்பே டயர் செத்துவிடும். ஆக, மிச்சம் இருந்தது ஏ.டி. இரண்டு பக்கமும் ஒரு காலை வைத்து நிற்கும் ஜாதி. 1976-ல் பி.எஃப். குட்ரிச் கம்பெனி ஆல் டெர்ரெய்ன் என்ற பெயரில் ரேடியல் டயர் விட்டது, அந்தப் பெயரே பின்னாடி ஒரு ரகத்துக்கே பெயராக ஆகிப்போனது. இப்போது ஏ.டி.க்கும் எம்.டி.க்கும் நடுவில் ஆர்.டி. என்று ஒன்று வேறு வந்திருக்கிறது, பார்க்க முரட்டுத்தனம், குணம் பாதி ஏ.டி.

ரகத்தை முடிவு செய்வது சுலபம். தலையைச் சுற்றியது அதற்கு அப்புறம்தான். ஒரே அளவில், ஒரே பெயரில், இரண்டு விதம் வருகிறது. என் அளவு 265/65 ஆர் 17, அதாவது அகலம் 265 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், நடுவில் உள்ள ரிம் 17 அங்குலம். சாதாரணக் கட்டுமானத்தில் பக்கத்தில் 112 டி என்று போட்டிருக்கும், அதாவது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 190 கி.மீ. வேகம் வரை. அதே அளவு எல்.டி. (லைட் டிரக், சுமை வண்டிக்கான) கட்டுமானத்தில் 120/117 என்று வரும். 120 என்றால் 1,400 கிலோ, 117 என்பது பக்கத்தில் பக்கத்தில் இரட்டைச் சக்கரமாகப் போட்டால் ஒன்றுக்கு 1,285 கிலோ. எல்.டி.யில் ரப்பரும் நூலும் அதிகம், கிழிபடாது, கனமும் அதிகம். கடையில் இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னேன், கிட்டத்தட்ட 4 கிலோ வித்தியாசம். சுற்றுகிற கனம், ஒவ்வொரு தடவை ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தெரியும். இன்னொன்று, எல்.டி. டயருக்குக் கதவோரம் ஒட்டியிருக்கும் காற்று அளவு பொருந்தாது, அதே எடையைத் தாங்க அதைவிடக் கூடுதலாக அடிக்க வேண்டும், அப்போது காலியான வண்டி தார் ரோட்டில் தூக்கித் தூக்கிப் போடும்.

சாமான் ஏற்றினாலும் என் வண்டி மூன்று டன்னைத் தொடாது. ஒரு சக்கரத்துக்கு 750 கிலோதான். 1,120 போதும் போதும் என்று சாதாரண 112-ஐயே வாங்கினேன். ஐந்தாக வாங்கினேன், ஸ்டெப்னியையும் சேர்த்து. இந்த முடிவு சரியா தப்பா என்று பாறைக்குப் போனபின் பேசலாம்.

மச்சினன் எம்.டி. போட்டிருக்கிறான், எல்.டி. கட்டுமானம், 265/70 ஆர் 17. அளவையும் ஒரு படி ஏற்றிவிட்டான். "மாமா, வண்டி இப்பத்தான் வண்டி மாதிரி இருக்கு" என்றான். இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

முதல் நாள்

640 கி.மீ., முழுக்க நெடுஞ்சாலை.

மனைவி காலையில் தம்பி வண்டியில்தான் ஏறினாள், பேசிக்கொண்டே போகலாம் என்று. இரண்டு மணி நேரத்தில் முதல் நிறுத்தத்தில் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு என் வண்டிக்கு வந்துவிட்டாள். "அங்க ஒரே ஊ...ன்னு சத்தம், பேசறது எதுவும் கேக்கல" என்றாள். மச்சினன் காதைத் தடவிக்கொண்டே, பழகிவிடும் அக்கா என்றான்.

அந்தச் சத்தத்தை வண்டியை நிறுத்தி உட்கார்ந்து பார்த்தேன். டயரின் மேல் மேடு மேடாக நிற்கும் ரப்பர் கட்டை ஒவ்வொன்றும் ரோட்டில் தட்டும்போது ஒரு அடி, எல்லாக் கட்டையும் ஒரே நீளமாக இருந்தால் அடிகள் சீராக விழுந்து ஒரே சுருதியில் ஊளையிடும். அதனால் கட்டைகளை வேண்டுமென்றே சின்னது பெரியது என்று கலைத்து அடுக்குவார்கள். என் ஏ.டி.யில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனால் மூன்று நீளம் தெரிகிறது, எந்த ஒழுங்கும் இல்லாத மாதிரி மாறி மாறி. சத்தம் குறைவதில்லை, பல சுருதியில் சிதறிவிடுகிறது, காது அதைக் காற்றுச் சத்தத்தோடு சேர்த்துக்கொள்கிறது. எம்.டி.யிலும் இந்த வேலை உண்டு, ஆனால் கட்டைகள் பெரிது, நடுவில் உள்ள பள்ளமும் பெரிது, எவ்வளவு கலைத்தாலும் அடங்காது.

அவன் டயரில் இன்னொரு கோளாறும் இருந்தது. மேலிருந்து உள்ளங்கையை வைத்துத் தேய்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. கீழிருந்து தேய்த்தால் ரம்பம் மாதிரி கையைப் பிடித்தது. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு ஓரம் தேய்ந்து மறு ஓரம் நிமிர்ந்து நிற்கிறது. 12,000 கி.மீ. ஓட்டியிருக்கிறான், ஒரு தடவைகூட முன்னாடி பின்னாடி மாற்றவில்லை. உயரமான கட்டை ஆடும், ஆடினால் கோணலாகத் தேயும், கோணலாகத் தேய்ந்தால் சத்தம் இன்னும் ஏறும். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை மாற்றியிருந்தால் பாதிச் சத்தம் போயிருக்கும் என்று சொன்னேன். கேட்கவில்லை, சத்தத்தில்.

சாயங்காலம் ஒரு சின்னச் சண்டை. என் மீட்டரில் 640, அவன் மீட்டரில் 619. "மாமா, நீங்க எங்கயாச்சும் சுத்திட்டு வந்தீங்களா?" என்றான். இல்லை. 265/65-ன் விட்டம் 776 மி.மீ., 265/70-ன் விட்டம் 803. மூன்றரை சதவீதம் பெரிய சக்கரம், அதே தூரத்துக்குக் குறைவாகச் சுற்றும், மீட்டர் சுற்றைத்தான் எண்ணுகிறது, ரோட்டை அல்ல. மீட்டர் 100 என்று காட்டும்போது அவன் என்னைவிட மூன்று கி.மீ. வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். டேங்கை நிரப்பும்போது அவனுக்கு என்னைவிட 5 லிட்டர் கூடுதலாகப் பிடித்தது. மீட்டரில் தூரம் வேறு குறைவாகக் காட்டுவதால் அவன் போட்ட மைலேஜ் கணக்கு இன்னும் பரிதாபமாக வந்தது. அதற்கு மட்டும் நான் ஆறுதல் சொன்னேன்.

காற்று விஷயம் ஒன்று. காலையில் குளிர்ந்த டயரில் 34 பி.எஸ்.ஐ. வைத்தேன், இரண்டு மணி நேரம் ஓடியபின் 38. நான்கு ஏறினால் அளவு சரி என்று ஒரு கணக்கு ஓட்டுகிறவர்கள் நடுவில் உண்டு. அதைவிட அதிகமாக ஏறினால் டயர் அளவுக்கு மேல் மடங்கிச் சூடாகிறது, காலையில் காற்று குறைவாக வைத்துவிட்டோம் என்று அர்த்தம். சூடான டயரில் ஏறியிருக்கிறதே என்று பதறிக் காற்றை இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

இரண்டாம் நாள்

60 தார், 85 ஜல்லி.

தார் முடிந்த இடத்தில் நிறுத்தி இரண்டு பேரும் 25-க்கு இறக்கினோம். கையில் அடங்கும் ஒரு சின்ன மீட்டர், வால்வைக் குச்சியால் அழுத்திக்கொண்டு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு டயருக்கு ஒன்றரை நிமிஷம். இறக்கிய உடனேயே வண்டியின் நடை மாறியது. முன்னால் பலகை மேல் ஓடுகிற மாதிரி தடதடத்தது, இப்போது கல்லை அப்படியே உள்வாங்கிக்கொண்டு போகிறது. காற்று இறுகிய டயர் கூர்க்கல்லின் மேல் ஏறும்போது முழு எடையும் அந்த ஒரு முனையில் விழும், தளர்ந்த டயர் கல்லைச் சுற்றி மடங்கிக்கொள்ளும். வேகம் மட்டும் 60-க்கு மேல் போகக்கூடாது. மேலே ஓட்டினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கியே வெந்துவிடும்.

இன்றைக்குப் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை இரண்டு டயருக்கும். ஜல்லியில் ஏ.டி. கொஞ்சம் நேராகப் போகிறது என்று எனக்குத் தோன்றியது, எம்.டி. அவனுக்கு வளைவில் மிதக்கிற மாதிரி இருந்ததாம். அவ்வளவுதான். தூக்கம் வருகிறது.

மூன்றாம் நாள்

மணல், 35 கி.மீ. நாள் முழுக்க.

18 பி.எஸ்.ஐ. மனைவி குனிந்து பார்த்து, பஞ்சரா என்று கேட்டாள். பார்க்க அப்படித்தான் இருக்கும். 34-ல் நிற்கும்போது டயர் தரையைத் தொடும் இடத்தை என் ஒரு கையால் மறைத்துவிடலாம், 18-ல் இரண்டு கையையும் அடுத்தடுத்து வைக்க வேண்டியிருந்தது. பலர் நினைப்பது மாதிரி டயர் அகலமாவதில்லை, நீளமாகிறது, டாங்கியின் பட்டை மாதிரி. மணலில் அந்த நீளம்தான் வண்டியை மிதக்க வைக்கிறது.

இங்கே எம்.டி. தோற்றது. அவனும் 18-தான் வைத்திருந்தான், ஆனால் எல்.டி.யின் பக்கச் சுவர் விறைப்பு, அதே அளவில் அது இன்னும் நிமிர்ந்தே நின்றது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், பெரிய கட்டைகள் மண்வெட்டி மாதிரி மணலைத் தோண்டிப் பின்னால் எறிந்துவிட்டு வண்டியைக் குழிக்குள் இறக்கிவிடும். மூன்று தடவை மாட்டினான். 14-க்கு இறக்கியபின்தான் ஓடியது. நான் மாட்டவே இல்லை என்று எழுத ஆசை, ஒரு தடவை மாட்டினேன், மேட்டு உச்சியில் தைரியம் போய் பிரேக் பிடித்ததால். அது டயரின் தப்பில்லை.

நான்காம் நாள்

ராத்திரி மழை. இதுவரை நான் எழுதியதை எல்லாம் படித்துவிட்டு ஏ.டி.தான் எல்லாம் என்று நினைத்தவர்கள் இதையும் படித்துவிடுங்கள்.

காலை எட்டு மணிக்குக் களிமண். முதல் இருபது அடியில் என் டயரின் பள்ளம் முழுக்க மண் அப்பி அது மொட்டை டயர் ஆகிவிட்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை, பக்கவாட்டில் மெதுவாக வாய்க்காலைப் பார்த்துப் போகிறது. மச்சினன் பின்னால் வந்தான், சக்கரத்தை வேகமாகச் சுழற்றினான், பெரிய பள்ளத்தில் ஏறிய மண் கட்டி கட்டியாகப் பறந்து போனது, சுத்தமான கட்டை மறுபடி மண்ணைக் கடித்தது, என்னைத் தாண்டிப் போய்விட்டான். பள்ளம் அகலமாக இருப்பது இதற்குத்தான், மண்ணை உதறித் தள்ள. புது ஏ.டி.யின் ஆழம் சுமார் 10 முதல் 12 மி.மீ., எம்.டி. 14, 15 வரும், அந்த ஆழமும் இங்கே பேசியது. கயிறு கட்டி என்னை இழுத்து வெளியே போட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்தியது.

அப்புறம் பாறை. நான் சேற்றுக்காக 18-க்கு இறக்கியதை ஏற்றாமலே போய்விட்டேன், சோம்பேறித்தனம். வலது பின்சக்கரம் ஒரு படிக்கட்டு மாதிரியான கல்லை உரசிக்கொண்டு ஏறியது. காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் தொந்தி போட்டிருந்தது, கல்லின் விளிம்பு அந்தத் தொந்தியில் இறங்கியது. புஸ்ஸென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பக்கச் சுவரில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வாய், உள்ளே வெள்ளை நூல் தெரிகிறது.

அந்த நூலைப் பார்த்தபோதுதான் படித்தது எல்லாம் புரிந்தது. மிஷெலின் கம்பெனி 1946-ல் ரேடியலுக்குக் காப்புரிமை கேட்டபோது செய்த காரியமே பக்கச் சுவரையும் ஓடும் பரப்பையும் பிரித்ததுதான். ஓடும் பரப்புக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை இருக்கிறது, பக்கச் சுவரில் இந்த ரக டயர்களில் ஒன்றோ இரண்டோ அடுக்கு நூல், குறுக்கே ஓடுகிறது, அவ்வளவுதான். சுவர் மெலிசாக மடங்குவதால்தான் நெடுஞ்சாலையில் சொகுசு, சூடும் குறைவு, ஆயுளும் அதிகம். அதே மெலிசுதான் இப்போது வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவன் டயரின் சுவர் மூன்று அடுக்கு, அதே கல்லில் அவனும் உரசினான், ரப்பரில் ஒரு கீறல், ஒன்றும் ஆகவில்லை. 1,120 கிலோ போதும் என்று நான் போட்ட கணக்கு எடைக்குச் சரி. கல்லுக்கு எடைக்கணக்கு தெரியாது.

ஓடும் பரப்பின் நடுவில் 6 மி.மீ. வரை ஓட்டை என்றால் பஞ்சர் ஒட்டிவிடலாம். பக்கச் சுவரில் போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது, ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரியும் இடம் அது. ஸ்டெப்னியை மாட்டினோம். ஜாக்கியின் அடியில் பலகை வைக்காமல் ஒரு தடவை சேற்றில் அழுத்திவிட்டோம், அது தனிக் கதை. ஐந்தாவது டயரும் அதே ஜாதியாக வாங்கியிருந்தது இன்றைக்குத்தான் உதவியது. பழைய எச்.டி.யே ஸ்டெப்னியாக இருந்திருந்தால் ஒரே அச்சில் ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தேய்ந்தது, விட்டமே வேறு, டிஃபரன்ஷியல் (அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) வீடு வரை ஓயாமல் அரைத்துக்கொண்டே வந்திருக்கும்.

ஐந்தாம் நாள்

85 ஜல்லி, 60 தார். ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டுவது ஒரு தனி ஞானம். எல்லாக் கல்லும் கூராகத் தெரிகிறது. 28 வைத்து, 40-ல் போனோம். மச்சினன் முன்னால் போய்க் காத்திருந்து, போய்க் காத்திருந்து அலுத்துவிட்டான்.

சாயங்காலம் பள்ளத்தில் மாட்டிய கற்களை ஸ்க்ரூ டிரைவரால் எடுத்தேன். பள்ளத்தின் அடியில் வரிசையாகச் சின்ன மேடுகள் தெரியும், கல் ஆழமாக இறங்கி ரப்பரைத் துளைக்காமல் இருக்க வைத்தது. பெரும்பாலும் வேலை செய்திருக்கிறது. ஒரே ஒரு கல் மட்டும் விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தது, அரை மணி நேரம்.

ஆறாம் நாள்

640 கி.மீ., பாதி தூரம் கொட்டும் மழை.

காலையில் நான் 34-க்கு ஏற்றிவிட்டேன். அவன் பம்ப்பை எடுக்கச் சோம்பேறித்தனப்பட்டு 25-லேயே கிளம்பினான். மழை பிடித்ததும் எனக்கு அந்த ஞாபகம் வந்து, விளக்கைப் போட்டு நிறுத்தினேன். 1960-களில் நாசா விமானச் சக்கரங்களை வைத்துக் கண்டுபிடித்த ஒரு கணக்கு இருக்கிறது. தேங்கிய தண்ணீரின் மேல் சக்கரம் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்று அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பி.எஸ்.ஐ.யின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல். 34-க்குச் சுமார் 97 கி.மீ. வருகிறது, 25-க்கு 83. தண்ணீரை டயரின் பள்ளத்தால் வெளியேற்ற முடியாத அளவுக்குத் தேங்கினால்தான் இந்தக் கணக்கு, பள்ளம் ஆழமாக இருந்தால் இன்னும் தாங்கும். இருந்தாலும் அவன் 85-ல் வந்துகொண்டிருந்தான். மழையில் நனைந்துகொண்டே பம்ப்பைப் போட்டான், என்னைத் திட்டியிருப்பான், கேட்கவில்லை.

காற்று சரியானபின்னும் ஈரத்தில் அவன் வண்டி பிரேக் பிடிக்கும்போது நீட்டிக்கொண்டே வந்தது, இடைவெளியை இரண்டு மடங்காக வைக்கச் சொன்னேன். எம்.டி.யில் தண்ணீர் போக இடம் தாராளம், ரோட்டைத் தொடும் ரப்பர்தான் கம்மி. ஈரத் தாரைப் பிடிப்பது கட்டை மேல் பிளேடால் கீறினாற்போல் இருக்கும் மெல்லிய வெட்டுகள். என் டயரில் ஒரு கட்டைக்கு மூன்று, நான்கு இருக்கிறது, அவனுடையதில் ஒன்று, சிலதில் அதுவும் இல்லை. ரப்பர் கலவையும் வேறு. 1992-ல் மிஷெலின், ரப்பரில் வழக்கமாகக் கலக்கும் கரித்தூளின் இடத்தில் பெருமளவு சிலிகாவைக் கலந்து கொண்டுவந்த டயர், உருளும் தடையைக் குறைத்து ஈரப்பிடிப்பையும் காப்பாற்றியது. முழுக்கக் கல்லில் ஓடும் டயருக்குக் கட்டை பிய்ந்து போகாமல் இருப்பது முக்கியம், அதற்குக் கரிதான் பிடிக்கும். பிய்யாமல் இருக்கவும் வேண்டும், மழையில் ஒட்டவும் வேண்டும் என்றால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஏ.டி. செய்ய முடியும்.

ராத்திரி ஒன்பதரைக்கு வீடு. மனைவி கடைசி வரை என் வண்டியில்தான்.

அடுத்த தடவை எல்.டி. வாங்குவேனா என்று வழியெல்லாம் யோசித்தேன். பாறை வழியில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் போகிறேன், அதற்காக வருஷம் முழுக்க நான்கு சக்கரத்திலும் 16 கிலோ கூடுதலாகச் சுற்ற மனசில்லை. பாறைக்கு முன்னால் 25-க்கு ஏற்றியிருந்தால் அந்தத் தொந்தியே இருந்திருக்காது. கிழிந்த ஒன்றுக்கு மட்டும் அதே மாடலில் ஒன்று வாங்கப் போகிறேன், மற்றவை இன்னும் 2,000 கி.மீ.கூட ஓடாததால் ஆழத்தில் வித்தியாசம் வராது. வாங்கும்போது பக்கத்தில் டி.ஓ.டி. எழுத்துகளின் கடைசி நான்கு எண்ணைப் பார்க்க வேண்டும், முதல் இரண்டு எண் தயாரித்த வாரத்தைச் சொல்லும், அடுத்த இரண்டு எண் வருஷத்தை. மூன்று வருஷம் கடையில் தூங்கியதைப் புதுசு என்று தலையில் கட்டினால் தெரிந்துவிடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மச்சினனிடமிருந்து செய்தி. "மாமா, உங்க டயர் பேரும் சைஸும் அனுப்புங்க." இது அவன் அக்காவின் வேலையாக இருக்கும். முதலில் மூன்று மாதம் எந்த ரோட்டில் எவ்வளவு ஓடினாய் என்று எழுதி அனுப்பு, அப்புறம் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன். படித்துவிட்டான், பதில் இல்லை.